அமெரிக்காவில் கொலை நடந்தால் வழக்கு யார் கையில்? மாகாணக் குற்றம் ஃபெடரல் குற்றமாக மாறுவது எப்போது? முழு விளக்கம்

1963 நவம்பர் 22. டெக்சாஸ் மாகாணத்தின் டல்லாஸ் நகரில், திறந்த காரில் சென்றுகொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே அதிர்ந்த படுகொலை. ஆனால் அன்றைய தேதியில் அமெரிக்க அதிபரைக் கொல்வது ஃபெடரல் குற்றமே கிடையாது. நம்ப முடிகிறதா?

ஃபெடரல் குற்றம் என்றால், மத்திய அரசின் சட்டப்படி குற்றம் என்று அர்த்தம். கென்னடி வழக்கில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்ட் இரண்டே நாளில் சுட்டுக் கொல்லப்படாமல் இருந்திருந்தால், டெக்சாஸ் மாகாணச் சட்டப்படி, சாதாரண கொலை வழக்காகத்தான் விசாரணையைச் சந்தித்திருப்பார். கென்னடியின் உடலை எங்கே பிரேதப் பரிசோதனை செய்வது என்பதிலேயே சண்டை வந்தது. "கொலை நடந்தது டல்லாஸில், பரிசோதனையும் இங்கேதான்" என்று உள்ளூர் மருத்துவ அதிகாரி சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். பாதுகாப்பு அதிகாரிகள் அதை மீறித்தான் உடலை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதிபரைக் கொல்வது ஃபெடரல் குற்றம் என்று சட்டம் வந்தது 1965-ல்தான்.

ஒரு நாட்டின் அதிபர் கொலையே மாகாண வழக்கு என்றால், மத்திய அரசு எந்தக் குற்றத்தில்தான் தலையிட முடியும்? தெருச்சண்டை, வீட்டுக்குத் தீ வைப்பு, ஆள்கடத்தல், கஞ்சா என ஒரு குற்றம் எப்போது மாகாணத்தின் கையிலிருந்து மத்திய அரசின் கைக்குப் போகிறது? அதனால் குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன மாறுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

அடிப்படை விதி என்ன?

முதலில் நம்மூர் நிலைமை. இந்தியாவில் காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் கொலை சென்னையில் நடந்தாலும் பாட்னாவில் நடந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் அதே 103-வது பிரிவு பாய்கிறது. போலீஸ் மாநிலத்துடையது, சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று.

அமெரிக்காவில் கதையே வேறு. 50 மாகாணங்களுக்கும் தனித்தனி குற்றவியல் சட்டம். கொலைக்கு ஒரு மாகாணத்தில் மரண தண்டனை உண்டு, பக்கத்து மாகாணத்தில் கிடையாது. குற்றங்களைத் தடுத்து மக்களைப் பாதுகாக்கும் பொது அதிகாரம் மாகாணங்களுக்கே சொந்தம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அந்தப் பொது அதிகாரம் கிடையாது. அரசியல் சாசனம் எண்ணி எழுதிக் கொடுத்திருக்கும் அதிகாரங்கள் மட்டும்தான் அதற்கு. மிச்சமெல்லாம் மாகாணங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791-ல் சேர்க்கப்பட்ட 10-வது திருத்தம் சொல்கிறது.

காங்கிரஸ் தண்டிக்கலாம் என்று சாசனமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் குற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கள்ளநோட்டு, கடற்கொள்ளை மற்றும் நடுக்கடலில் நடக்கும் பெருங்குற்றங்கள், சர்வதேசச் சட்டத்துக்கு எதிரான குற்றங்கள், தேசத்துரோகம். அவ்வளவுதான். கொலை, திருட்டு, பாலியல் வன்கொடுமை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் முக்கியம். காங்கிரஸ் சட்டம் இயற்றாமல், நீதிபதிகளே ஒரு செயலை ஃபெடரல் குற்றம் என்று அறிவிக்க முடியாது. 1812-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. ஆக, ஒரு ஃபெடரல் வழக்கு நிற்க இரண்டு விஷயம் வேண்டும். காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று. அந்தச் சட்டத்தை இயற்ற காங்கிரஸுக்கு சாசனத்தில் இருக்கும் அதிகாரம் இன்னொன்று.

அப்போ காங்கிரஸ் எப்படி உள்ளே வருகிறது?

குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பது இங்கே அளவுகோல் இல்லை. அந்தக் குற்றத்தை மத்திய அரசின் ஏதாவது ஓர் அதிகாரத்தோடு இணைக்கும் கொக்கி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வழக்குகள் இந்தக் கொக்கிகளில் ஒன்றில்தான் தொங்கும்:

* இடம்: ராணுவத் தளம், தேசியப் பூங்கா, மத்திய அரசுக் கட்டடம், நடுக்கடல். பூர்வகுடிகளின் நிலத்தில் நடக்கும் சில பெருங்குற்றங்களும் 1885-ல் வந்த சட்டப்படி ஃபெடரல் குற்றங்கள்.
* ஆள்: அதிபர், மத்திய அரசு அதிகாரி, நீதிபதி போன்றோர் தாக்கப்படுவது.
* அரசின் சொந்த வேலை: தபால், நாணயம், வருமான வரி. தபால் மூலம் மோசடி செய்வது 1872 முதலே ஃபெடரல் குற்றம்.
* எல்லை தாண்டுதல்: குற்றவாளியோ, பாதிக்கப்பட்டவரோ, திருட்டுப் பொருளோ ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது.
* வணிகம்: மாகாணங்களுக்கு இடையேயான வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் செயல்.
* அரசியல் சாசன உரிமைகள்: அடிமைமுறையை ஒழித்த 13-வது திருத்தம், சம பாதுகாப்பு தரும் 14-வது திருத்தம்.

இதில் முதல் கொக்கியில் ஒரு சுவாரஸ்யமான ஏற்பாடு உண்டு. ஒரு ராணுவத் தளத்துக்குள் நடந்த சிறு குற்றத்துக்கு ஃபெடரல் சட்டத்தில் பிரிவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தளம் இருக்கும் மாகாணத்தின் சட்டத்தையே கடன் வாங்கி, ஃபெடரல் நீதிமன்றத்தில் தண்டிக்கலாம். 1825-ல் தொடங்கிய நடைமுறை இது.

ஆனால் உண்மையான போராட்டம் எல்லாம் கடைசி மூன்று கொக்கிகளில்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு குழந்தைக் கடத்தல் மாற்றிய சட்டம்

1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாளாக, எங்கும் நிற்காமல் விமானம் ஓட்டி உலகப் புகழ்பெற்றவர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1932 மார்ச் 1 இரவு, நியூஜெர்சி மாகாணத்தில் இருந்த அவரது வீட்டிலிருந்து 20 மாதக் குழந்தை கடத்தப்பட்டது. ஜன்னலோரம் கிடந்த கடிதம் 50,000 டாலர் கேட்டது. பணம் கைமாறியது நியூஜெர்சியில் அல்ல, பக்கத்து மாகாணமான நியூயார்க்கில், பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தில். ஆனால் குழந்தை திரும்பவில்லை. மே 12-ம் தேதி, வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உடல் கிடைத்தது.

கடத்தல் ஒரு மாகாணத்தில், பணம் வாங்கியது இன்னொரு மாகாணத்தில். ஒரு மாகாண போலீஸின் அதிகாரம் அதன் எல்லையோடு முடிந்துவிடும், கடத்தல்காரனின் காருக்கு எல்லை இல்லை. இந்தச் சிக்கலை நாடே கண்ணெதிரே பார்த்தது. அதே ஆண்டு ஜூனில் காங்கிரஸ் ஃபெடரல் கடத்தல் சட்டத்தை நிறைவேற்றியது. மாகாண எல்லை தாண்டி ஆளைக் கடத்திச் சென்றால் அது ஃபெடரல் குற்றம்.

கடத்தப்பட்டவர் இருக்குமிடமே தெரியாதபோது, எல்லை தாண்டினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. இன்றைய விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் ஆள் விடுவிக்கப்படாவிட்டால் எல்லை தாண்டியிருக்கலாம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். எதிர்த்தரப்பு வேண்டுமானால் அதை மறுத்து நிரூபிக்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம். லிண்ட்பெர்க் குழந்தை வழக்கில் பிடிபட்ட புரூனோ ஹாப்ட்மன் இந்தப் புதிய சட்டத்தில் தண்டிக்கப்படவில்லை. குற்றம் நடந்த பிறகு வந்த சட்டத்தை முன்தேதியிட்டுப் பாய்ச்ச அமெரிக்க சாசனம் அனுமதிக்காது. 1935-ல் நியூஜெர்சி மாகாண நீதிமன்றமே அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 1936-ல் மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

வணிக அதிகாரம்: எல்லாக் கதவையும் திறக்கும் சாவியா?

மாகாணங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்று சாசனம் ஒரே வரியில் சொல்கிறது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்றைய ஃபெடரல் குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

தொடக்கம் 1903. மாகாணம் விட்டு மாகாணம் லாட்டரிச் சீட்டுகளைக் கொண்டுபோவதைத் தடை செய்த சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1919-ல் திருட்டுக் காரை எல்லை தாண்டி ஓட்டுவது ஃபெடரல் குற்றமானது. இதுவரை சரி, ஏதோ ஒன்று எல்லை தாண்டுகிறது.

அடுத்த கட்டத்தில் எதுவுமே எல்லை தாண்டவில்லை. 1971-ல் வந்த பெரெஸ் வழக்கில், உள்ளூரிலேயே கடன் கொடுத்து, மிரட்டி, கொடுமையாக வட்டி வசூலித்த ஒருவரை ஃபெடரல் சட்டத்தில் தண்டித்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நம்மூர் கந்துவட்டி மாதிரியான விவகாரம்தான். அந்த ஒருவரின் கடன் சின்னதாக இருக்கலாம், ஆனால் இந்தத் தொழில் மொத்தமாக நாடு முழுக்க இயங்கும் குற்றக் கும்பல்களுக்குப் பணம் கொட்டுகிறது என்பது நீதிமன்றம் ஏற்ற வாதம்.

இப்படியே போனால் எல்லாக் குற்றமும் ஏதோ ஒரு வகையில் வணிகத்தைப் பாதிக்கும்தானே? 1930-களின் இறுதியிலிருந்து சுமார் 60 ஆண்டுகள் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு பிரேக் போடவே இல்லை. பிரேக் விழுந்தது ஒரு பள்ளி மாணவர் வழக்கில்.

பள்ளிக்குத் துப்பாக்கி: 1995-ல் வந்த திருப்பம்

1992 மார்ச் 10. டெக்சாஸ் மாகாணம் சான் அன்டோனியோ நகரில் 12-ம் வகுப்பு மாணவர் ஒருவர் கைத்துப்பாக்கியும் 5 தோட்டாக்களும் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். முதலில் டெக்சாஸ் சட்டப்படிதான் வழக்குப் பதிவானது. மறுநாளே அது கைவிடப்பட்டு, ஃபெடரல் வழக்கு பாய்ந்தது. பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்து 1990-ல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அது. மாணவருக்கு 6 மாதச் சிறை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மத்திய அரசு வைத்த வாதம் இதுதான். பள்ளியில் துப்பாக்கி இருந்தால் வன்முறை வரும், வன்முறை வந்தால் காப்பீட்டுச் செலவு ஏறும், மக்கள் பயந்து அந்தப் பக்கம் பயணம் செய்ய மாட்டார்கள், படிப்பு கெடும், படிப்பு கெட்டால் நாட்டின் பொருளாதாரம் பாதிக்கும்.

1995-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் இதை நிராகரித்தது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிது. இந்தச் சங்கிலியை ஏற்றுக்கொண்டால், குடும்பத் தகராறு முதல் பள்ளிப் பாடத்திட்டம் வரை காங்கிரஸ் கை வைக்க முடியாத விஷயமே இருக்காது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது பொருளாதார நடவடிக்கையும் அல்ல.

லோபஸ் வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பு, வணிக அதிகாரத்தின் கீழ் காங்கிரஸ் தொடக்கூடியவற்றை மூன்றாகப் பிரித்தது. ஒன்று, மாகாணங்களுக்கு இடையேயான வணிகம் ஓடும் பாதைகள். இரண்டு, அந்த வணிகத்தின் கருவிகளும் அதில் பயணிக்கும் ஆட்களும் பொருட்களும். மூன்று, அந்த வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் நடவடிக்கைகள்.

அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. 1996-ல் காங்கிரஸ் அதே சட்டத்தை ஒரு திருத்தத்தோடு மீண்டும் கொண்டுவந்தது. அந்தத் துப்பாக்கி மாகாணங்களுக்கு இடையேயான வணிகத்தில் எப்போதாவது பயணித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஒரு மாகாணத்தில் தயாராகி இன்னொரு மாகாணத்தில் பிடிபட்ட எந்தத் துப்பாக்கியும் இதற்குள் வந்துவிடும். நடைமுறையில் பெரும்பாலான துப்பாக்கிகள் அப்படித்தான். தடை திரும்ப வந்தது. ஆனால் இனி அரசு வழக்கறிஞர் அந்தக் கொக்கியை ஒவ்வொரு வழக்கிலும் தனியாக நிரூபித்தாக வேண்டும்.

வாடகை வீட்டுக்கு ஒரு சட்டம், சொந்த வீட்டுக்கு ஒரு சட்டம்

இந்தக் கொக்கி எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இரண்டு தீ வைப்பு வழக்குகள் போதும். வணிகத்தில் பயன்படும் கட்டடத்துக்குத் தீ வைத்தால் ஃபெடரல் குற்றம் என்று ஒரு சட்டம் இருக்கிறது.

சிகாகோவில் இரண்டு குடித்தனம் கொண்ட வாடகை வீட்டுக்கு அதன் உரிமையாளரே தீ வைக்க முயன்றார். வாடகைக்கு விடுவது வணிகம், எனவே ஃபெடரல் குற்றம்தான் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இண்டியானா மாகாணத்தில் ஒருவர் தன் உறவினரின் சொந்த வீட்டுக்குள் பெட்ரோல் குண்டு வீசினார். யாருக்கும் காயமில்லை, வீடு கடுமையாகச் சேதமானது. ஃபெடரல் நீதிமன்றம் 35 ஆண்டு சிறை விதித்தது. 'அந்த வீட்டுக்கு வேறு மாகாணத்திலிருந்து எரிவாயு வருகிறது, வீட்டுக் கடனும் காப்பீடும் வெளி மாகாண நிறுவனங்களுடையவை' என்றது அரசுத் தரப்பு. 2000-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை ஏற்க மறுத்தது. குடும்பம் குடியிருக்கும் சொந்த வீடு வணிகத்தில் பயன்படுவதாகச் சொல்ல முடியாது, அப்படிச் சொன்னால் நாட்டில் எந்தக் கட்டடமும் மிஞ்சாது என்றது.

இந்த வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யவில்லை, அதன் வார்த்தைகளைக் குறுக்கிப் பொருள் கொண்டது. மாகாணத்தின் வழக்கமான வேலைக்குள் காங்கிரஸ் நுழைய வேண்டுமென்றால், அதைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதே இங்கே விதி.

வீட்டுத் தோட்டத்துக் கஞ்சா எப்படி வணிகமாகும்?

லோபஸ் தீர்ப்புக்குப் பிறகு காங்கிரஸின் கை கட்டப்பட்டுவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2005-ல் பதில் வந்தது. கலிபோர்னியா மாகாணம் 1996-லேயே மருத்துவத் தேவைக்கான கஞ்சாவை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அனுமதித்தது. 2002-ல் மருத்துவர் பரிந்துரையோடு ஒரு பெண் தன் வீட்டில் வளர்த்த 6 கஞ்சாச் செடிகளை ஃபெடரல் அதிகாரிகள் பிடுங்கி அழித்தார்கள். விற்பனை இல்லை, எல்லை தாண்டவில்லை, மாகாணச் சட்டப்படி குற்றமும் இல்லை.

ஆனால் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மத்திய அரசு பக்கம் நின்றது. காரணம் 1942-ல் வந்த ஒரு கோதுமை வழக்கு. ஒஹாயோ மாகாண விவசாயி ஒருவருக்கு அரசு ஒதுக்கிய அளவு சுமார் 11 ஏக்கர், அவர் விதைத்ததோ 23 ஏக்கர். அதிகக் கோதுமையைத் தன் பண்ணையிலேயே பயன்படுத்திக்கொண்டாலும், எல்லா விவசாயிகளும் அப்படிச் செய்தால் நாட்டின் கோதுமை விலையே ஆட்டம் காணும் என்று அன்று நீதிமன்றம் சொன்னது. கஞ்சாவும் அப்படியே. ஒரு தோட்டம் சின்னது, எல்லாத் தோட்டங்களையும் கூட்டினால் நாடு தழுவிய சந்தை.

அப்படின்னா பள்ளித் துப்பாக்கிக்கு ஏன் அதே கணக்கு இல்லை? கஞ்சா வாங்கி விற்கும் ஒரு பொருள், அதன் மொத்தச் சந்தையையும் கட்டுப்படுத்தும் பெரிய சட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் வீட்டுத் தோட்டமும் வருகிறது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதற்கு அப்படி ஒரு சந்தைத் தொடர்பு இல்லை. இந்த வேறுபாடு போதுமானதா என்று சட்ட வல்லுநர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள்.

வெறுப்புக் குற்றங்கள்: உரிமைகள் என்ற கொக்கி

உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14-வது திருத்தம், மாகாண அரசுகள் யாருடைய உரிமையையும் பறிக்கக் கூடாது என்கிறது. கவனிக்க வேண்டிய சொல் 'அரசுகள்'. கறுப்பின மக்களைத் தாக்கிய தனிநபர் கும்பல்களைத் தண்டிக்கும் ஒரு ஃபெடரல் சட்டத்தை 1883-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லியே ரத்து செய்தது. மாகாணமும் தண்டிக்காது, மத்திய அரசாலும் முடியாது என்ற நிலை. இதன் விலையைத் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மக்கள் கொடுத்தார்கள்.

சீருடையில் இருப்பவர் குற்றம் செய்தால் நிலைமை வேறு. அவர் அரசின் அதிகாரத்தைப் பயன்படுத்துபவர், 14-வது திருத்தம் நேராகப் பாயும். 2020-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற போலீஸ் அதிகாரி டெரெக் சாவினுக்கு மினசோட்டா மாகாண நீதிமன்றம் இருபத்திரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அதே சம்பவத்துக்காக ஃபெடரல் உரிமை மீறல் வழக்கில் 2022-ல் 21 ஆண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் தண்டனைகள்.

13-வது திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், தனிநபர்களையும் கட்டுப்படுத்துகிறது. இனத்தின் பெயரால் நடக்கும் வன்முறையைத் தண்டிக்க 2009-ல் வந்த வெறுப்புக் குற்றச் சட்டத்தின் ஒரு பகுதி இதன் மீதுதான் நிற்கிறது. பாலினம், மாற்றுத்திறன் போன்ற காரணங்களுக்காக நடக்கும் தாக்குதல்களுக்கு அதே சட்டம் வணிகத் தொடர்பையும் கேட்கிறது.

இந்தியர்கள் மறக்காத வழக்கு ஒன்று உண்டு. 2017 பிப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாகாணம் ஒலேதா நகரின் ஒரு பாரில், ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு 2018 மே மாதம் மாகாண நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபெடரல் நீதிமன்றமும் வெறுப்புக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. மாகாணத் தீர்ப்பு ஒரு கொலையைத் தண்டித்தது. ஃபெடரல் தீர்ப்பு அந்தக் கொலை ஏன் நடந்தது என்பதற்கும் பெயர் வைத்தது.

கதவுக் கைப்பிடியில் ரசாயனம்: ஒப்பந்தம் என்ற கொக்கி

வெளிநாடுகளுடன் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றவும் காங்கிரஸ் சட்டம் இயற்றலாம். 1920 முதல் ஏற்கப்பட்ட வழி இது. ஆனால் இதற்கும் ஒரு விநோதமான வழக்கில் எல்லை போடப்பட்டது.

பென்சில்வேனியாவில் ஒரு பெண், தன் தோழிக்கும் தன் கணவருக்கும் தொடர்பு இருப்பது தெரிந்து, தோழியின் வீட்டுக் கதவுக் கைப்பிடி, கார் கதவு, தபால் பெட்டி ஆகியவற்றில் பலமுறை ரசாயனம் தடவினார். தோழிக்குக் கட்டைவிரலில் லேசான தீக்காயம் மட்டுமே. தபால் பெட்டி என்பதால் ஃபெடரல் தபால் துறை விசாரித்தது, கேமராவில் சிக்கினார். அவர் மீது பாய்ந்த வழக்கு என்ன தெரியுமா? ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்ற 1998-ல் இயற்றிய சட்டம். 6 ஆண்டு சிறை.

2014-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. போர்க்களத்தையும் பயங்கரவாதத்தையும் மனதில் வைத்து எழுதிய சட்டத்தை, மாகாண போலீஸ் பார்த்துக்கொள்ளும் ஓர் உள்ளூர்த் தகராறுக்கு இழுக்கக் கூடாது என்றது.

ஒரே குற்றத்துக்கு இரண்டு வழக்கா?

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை தண்டிக்கக் கூடாது என்று அமெரிக்க சாசனத்தின் 5-வது திருத்தம் சொல்கிறது. அப்படியென்றால் சாவின் வழக்கும் கான்சாஸ் வழக்கும் எப்படி இரண்டு முறை நடந்தன?

மாகாணமும் மத்திய அரசும் தனித்தனி இறையாண்மை கொண்டவை, இரண்டின் சட்டத்தையும் மீறினால் அது இரண்டு குற்றம் என்பது பழைய கோட்பாடு. அலபாமாவில் துப்பாக்கியோடு பிடிபட்ட முன்னாள் குற்றவாளி ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2019-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் கோட்பாடு நிலைநிறுத்தப்பட்டது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மாகாண நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாக விடுவித்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும். 1992-ல் ராட்னி கிங்கை அடித்த லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் மாகாண வழக்கில் தண்டனை இல்லாமல் தப்பினார்கள். மறு ஆண்டு ஃபெடரல் வழக்கில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மறுபக்கம், ஓர் எளிய மனிதர் ஒரே செயலுக்கு இரண்டு அரசுகளின் வழக்கறிஞர்களைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

யார் கையில் வழக்கு என்பதில் என்ன மாறுகிறது?

* உயிர்: மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1984 முதல் மரண தண்டனை இல்லை. ஆனால் 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக் குற்றவாளிக்கு, வழக்கு ஃபெடரல் என்பதால், 2015-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.
* சிறைக்காலம்: 1987 நவம்பருக்குப் பிந்தைய ஃபெடரல் குற்றங்களுக்கு பரோல் கிடையாது. பல மாகாணங்களில் உண்டு.
* மன்னிப்பு: அமெரிக்க அதிபர் மன்னிக்க முடிவது ஃபெடரல் குற்றங்களை மட்டுமே. மாகாணக் குற்றத்துக்கு அந்த மாகாண ஆளுநரோ மன்னிப்பு வாரியமோதான்.
* குடியுரிமை: அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது இது. பல மாகாணங்களில் கஞ்சா கடையிலேயே விற்கிறது. ஆனால் குடியேற்றச் சட்டம் ஃபெடரல் சட்டம். மாகாணத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமை விண்ணப்பத்துக்கு முட்டுக்கட்டையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் 'இங்கே இது லீகல்தானே' என்று நினைத்து ஏமாறக் கூடாது.

ஏன் இந்த எல்லைக்கோடு முக்கியம்?

உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த ஃபெடரல் குற்றப் பிரிவுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் 1970-க்குப் பின் வந்தவை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு 1998-ல் எச்சரித்தது. ஒரு குற்றம் செய்தியில் பெரிதாக வெடித்ததும் 'மத்திய அரசு சட்டம் போட வேண்டும்' என்ற குரல் எழுவது இயல்பு. காங்கிரஸும் பலமுறை அதற்குச் செவிசாய்த்திருக்கிறது.

மாகாணம் கண்ணை மூடிக்கொண்ட இடங்களில் ஃபெடரல் சட்டம் பாதிக்கப்பட்டவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே சட்டம், கட்டைவிரல் காயத்துக்கு ரசாயன ஆயுத வழக்குப் போடவும் பயன்பட்டிருக்கிறது. இரண்டையும் பிரிப்பது அந்தக் கொக்கிதான்.

இனி அமெரிக்காவிலிருந்து ஒரு குற்றச் செய்தி வந்து, 'எஃப்.பி.ஐ விசாரிக்கிறது, ஃபெடரல் வழக்கு பதிவு' என்று படித்தால், நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். குற்றம் நடந்தது மத்திய அரசின் இடத்திலா? எதாவது எல்லை தாண்டியதா, அல்லது தபால், போன், இணையம் பயன்பட்டதா? வணிகத்தோடு தொடர்பு உண்டா? இனம், மதம் போன்ற காரணத்தாலோ அரசு அதிகாரத்தாலோ ஒருவரின் உரிமை பறிக்கப்பட்டதா? நான்குக்கும் 'இல்லை' என்றால், பெரும்பாலும் அந்த வழக்கு மாகாணத்தின் கையில்தான் இருக்கும். அங்கேதான் தீர்ப்பும் வரும்.